வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்த கை

(பட்டிமண்டபத் தலைப்பு: ‘கொரோனாவுக்குப் பிறகு கடைக்குப் போகும் பழக்கத்தில் பெரிதும் மாறியிருப்பவர்கள் இளைய தலைமுறையா? மூத்த தலைமுறையா?’ – ‘மூத்த தலைமுறையே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே! தில்லை நகரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே ஒரு கையில் ரிமோட்டும் இன்னொரு கையில் செல்போனுமாக இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் உறவுகளே!

எனக்கு முன்னால் பேசிய தம்பி ரொம்ப அழகாகப் பேசினார். “அரிசியிலிருந்து அரைஞாண் கயிறு வரைக்கும் நாங்க போன்லயே வாங்கறோம். அதனால மாறினவங்க நாங்கதான்” என்றார். நான் தம்பியை ஒன்றே ஒன்று கேட்கிறேன். 2019-ல சட்டை எதுல வாங்கினீங்க? போன்ல. 2021-ல? போன்ல. இன்னிக்குப் போட்டுக்கிட்டு வந்திருக்கிற இந்தச் சட்டை? (சிரிப்பு) அதுவும் போன்லதான். அப்ப எங்கே தம்பி மாறினீங்க? சட்டைதான் மாறியிருக்கு, ஆள் மாறலையே! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, திண்ணையிலிருந்து கூடத்துக்குப் போனவனை யாரும் ‘பயணம் போனான்’ என்று சொல்வதில்லை. கடல் தாண்டிப் போனவனைத்தான் சொல்வோம். இந்தப் பிள்ளைகள் திண்ணையிலிருந்து கூடத்துக்குப் போனவர்கள். யுபிஐ என்கிற பணப் பரிமாற்ற முறை இந்தியாவுக்கு வந்தது 2016 ஏப்ரலில். அதே வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி பழைய 500 ரூபாயும் 1000 ரூபாயும் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்போதே இந்தப் பிள்ளைகள் போனைத் தூக்கிவிட்டார்கள். எங்க அம்மா தூக்கவில்லை. எங்க அம்மா பேங்க் வரிசையில் நின்று, நோட்டை மாற்றிக்கொண்டு, அதை முந்தானையில் முடிந்துகொண்டு நேராக மார்க்கெட்டுக்குப் போனார். பண மதிப்பிழப்பால் மாற்ற முடியாத ஓர் ஆளை, கொரோனா மாற்றியது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

எங்க அம்மாவுக்கு ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். அப்பா 2014-ல் காலமானதிலிருந்து அங்கே தனியாக இருக்கிறார். நான் சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டு, இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். நடுவிலே சுமார் 45 கிலோமீட்டர்தான். காலையில் பஸ் ஏறினால் அம்மா கையால் காபி குடித்துவிட்டுச் சாயந்திரம் திரும்பிவிடலாம்.

அம்மா கடைக்குப் போகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். காலையில் ஆறரை மணிக்கு மஞ்சப் பை. பான்பரி மார்க்கெட். அங்கே ஒரு காய்கறிக்காரம்மா. முப்பது வருஷமாக அவரிடம்தான் வாங்குவார். முதலில் வெண்டைக்காயின் நுனியை ‘டக்’கென்று ஒடிப்பார். ஒடிந்தால் பையில், வளைந்தால் கூடையில். அந்தம்மா சத்தம் போடுவார்: “காலையில வந்து என் கடையை ஒடிச்சிட்டுப் போறியே, நீ நல்லா இருப்பியா?” அம்மா சொல்வார்: “நேத்து பறிச்சதை இன்னிக்குப் பறிச்சேன்னு சொல்றியே, நீ நல்லா இருப்பியா?” பார்க்கிறவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். அது சண்டை இல்லை ஐயா, அதுதான் அவர்களுக்குக் ‘குட்மார்னிங்’! (சிரிப்பு)

எடை போட்ட பிறகு கொசுறு. கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய். அதோடு கொஞ்சம் ஊர்ச் செய்தி. யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு முட்டி வலி, எந்த டாக்டரிடம் போனார்கள்... இத்தனையும் சேர்ந்ததுதான் ஐயா கால் கிலோ வெண்டைக்காய்! (கைதட்டல்)

இங்கே சிதம்பரத்தில் என் மாமியார். அவங்க பல்கலைக்கழகம் வேற. கத்தரிக்காய்! சிதம்பரம் கொத்சுவுக்குக் கத்தரிக்காய் எடுக்கிறது சாதாரண வேலையா? காம்பைப் பார்ப்பாங்க, கனத்தைப் பார்ப்பாங்க, வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பாங்க. நான் கல்யாணமாகி வந்து பதினைந்து வருஷத்துக்குக் கத்தரிக்காய் வாங்க என்னை அனுப்பியதே இல்லை. “நீ எம்.ஏ. படிச்சிருக்கலாம், கத்தரிக்காய் படிக்கல” என்பார்கள். (சிரிப்பு) தேர் ஓடும் நாலு வீதியில் எந்தக் கடையில் எந்தச் சாமான் நயமாகக் கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

இப்படி அறுபது வருஷம் கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, வாயால் பேசி வாங்கிய தலைமுறை. அவர்களிடம் வந்து ஒரு நாள் என்ன சொன்னோம்? தொடாதே. கிட்டே போகாதே. வாயை மூடு. அவர்கள் கடைக்குப் போனபோது செய்த மூன்று காரியத்தையும் ஒரே நாளில் நிறுத்தினோமே, இது மாற்றமா, இல்லை... சட்டையைத் தட்டில் பார்ப்பதற்குப் பதில் திரையில் பார்ப்பது மாற்றமா? நடுவர் அவர்களே, நீங்களே சொல்லுங்கள்.

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. 24-ஆம் தேதி மாலை ஆறு மணியிலிருந்து தமிழ்நாட்டில் 144. 25-ஆம் தேதியிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. எங்கள் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஆபத்து புதிதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்தவர்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயலில் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள். ஆனால் அந்த ஆபத்துகளில் எல்லாம் என்ன செய்தோம்? ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். ஒரே பாத்திரத்தில் சமைத்து, ஒரே கூரையின் கீழ் படுத்தோம். இந்த ஒரு ஆபத்தில்தான் ஐயா, கையைப் பிடிப்பதே ஆபத்து என்றார்கள்!

அதற்குள் கோயம்பேடு வந்தது. சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போன நம் பக்கத்துப் பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். நோயும் கூடவே வந்தது. 2020 மே 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் புதிதாக நோய் கண்டவர்கள் 527 பேர். அதில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 122 பேர். மறுநாள் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போயிற்று. அதுவரை ‘மார்க்கெட்’ என்றால் சாமான் வாங்குகிற இடம். அன்றைக்கு அது நோய் வாங்குகிற இடமாகிவிட்டது. எங்கள் அம்மா மனசில் விழுந்த முதல் அடி அது. முப்பது வருஷமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தை நினைத்தே பயந்தார்.

நான் இங்கே, அவர் அங்கே. பஸ் கிடையாது, ரயில் கிடையாது. 45 கிலோமீட்டர், அன்றைக்கு 450 கிலோமீட்டர் மாதிரி இருந்தது. போனில் கேட்கிறேன், “அம்மா, என்னம்மா சமைச்சே?” “ரசம் வெச்சேன்.” மறுநாள், “ரசம்தான்.” மூணாவது நாள், “பருப்பு ரசம்.” (சிரிப்பு) சிரிக்கிறீங்க... அன்னிக்கு எனக்குச் சிரிப்பு வரல. வீட்டில் காய் இல்லை என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

அப்போது கை கொடுத்தவர் யார் தெரியுமா? தெருமுனை மளிகைக் கடைக்காரர். உண்மையைச் சொல்கிறேன், அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே மாதச் சாமானுக்கு நாங்கள் அவரை விட்டுவிட்டோம். ‘ஏ.சி. கடை, டிராலி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று நான்தான் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அவர் கடையில் அவசரத்துக்குத் தீப்பெட்டி, தயிர் மட்டும்தான். ஊரடங்கு வந்தது. அந்த ஏ.சி. கடைக்குப் போக வண்டி இல்லை. தீப்பெட்டி வாங்கின கடைதான் ஐயா கதவைத் தட்டியது! “அம்மா, லிஸ்டைப் போன்ல சொல்லுங்க, பையன்கிட்டக் கொடுத்தனுப்பறேன்” என்றார். அவர் கடையில் ஒரு போர்டு உண்டு: ‘கடன் அன்பை முறிக்கும்.’ அந்தப் போர்டுக்குக் கீழேயே உட்கார்ந்து, வேலை போன எத்தனையோ வீட்டுக்கு நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தார். “ரெண்டு வருஷமா எங்கே போனீங்க?” என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. (கைதட்டல்)

சாமான் கேட் ஓரத்தில் இருக்கும். அம்மா காசை ஒரு டம்ளருக்கு அடியில் வைப்பார். கையில் இருந்த காசு தீர்ந்தது. பேங்குக்குப் போக முடியவில்லை. நான் இங்கிருந்து என் போனில் கடைக்காரர் மகனுக்குப் பணம் அனுப்பினேன். நான் நினைத்தேன், பிரச்சினை தீர்ந்தது என்று. அம்மா சொன்னார்: “உங்கப்பா பென்ஷன் மாசாமாசம் பேங்க்ல விழுது. பொண்ணு காசுல நான் ஏன் பருப்பு வாங்கணும்? அந்த போன் வித்தையை எனக்குச் சொல்லிக் கொடு.”

கவனியுங்கள் நடுவர் அவர்களே! சோம்பலுக்காகக் கற்றுக்கொள்ளவில்லை. வேகத்துக்காகக் கற்றுக்கொள்ளவில்லை. பத்து பர்சென்ட் தள்ளுபடிக்காகக் கற்றுக்கொள்ளவில்லை. தன் காசில் தான் சாப்பிட வேண்டும் என்கிற மானத்துக்காக, 66 வயசில் ஒரு கிழவி போனைக் கையில் எடுத்தார்! (பலத்த கைதட்டல்)

பொங்கலுக்குப் போனபோது என் பையன் கொடுத்துவிட்டு வந்த பழைய போன் ஒன்று இருந்தது. பேங்கில் கொடுத்த ஏ.டி.எம். கார்டு எங்கே? மூன்று வருஷமாகப் பீரோவில், முகூர்த்தப் புடவை மடிப்புக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. இங்கிருந்து பேரன் பாடம் நடத்துகிறான், அங்கிருந்து ஆயா படிக்கிறார். “ஆயா, இப்ப ஒரு ரகசிய நம்பர் போடணும். அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது.” “சரிடா.” “போட்டுட்டீங்களா?” “போட்டுட்டேன்.” “இன்னொரு தடவை அதையே போடுங்க.” “அது எப்படிடா, நீதானே யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னே! இந்த போன்கிட்ட மட்டும் ரெண்டு தடவை சொல்லலாமா?” (பெருஞ்சிரிப்பு)

முழுசாக நாலு நாள் ஆச்சு. அஞ்சாம் நாள் எனக்கு ஒரு சத்தம் வந்தது. பார்க்கிறேன், என் கணக்கில் ஒரு ரூபாய். அம்மா அனுப்பியது. உடனே போன்: “வந்துதா?” “வந்துதும்மா.” “சரி, திருப்பி அனுப்பு.” (சிரிப்பு)

எதிரணியில் ஒரு புள்ளிவிவரம் சொன்னார்கள். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் யுபிஐ வழியாக நடந்த பரிவர்த்தனை சுமார் 125 கோடி. ஏப்ரலில் அதுவே சுமார் 100 கோடியாக இறங்கியது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1000 கோடியைத் தாண்டியது. “இது எங்கள் சாதனை” என்றார்கள். அப்படியா? பணம் கொடுக்கிற கை ஒன்று இருந்தால், வாங்குகிற கை ஒன்று இருக்க வேண்டுமே! அந்தக் கை யாருடையது? தெற்கு வீதியில் கீரை விற்கிற பாட்டியைப் போய்ப் பாருங்கள். எழுபது வயசு. எழுதப் படிக்கத் தெரியாது. கூடைக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட அட்டை. அதுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. நீங்கள் பணம் அனுப்பினால் அந்தப் பெட்டி தமிழிலே பேசும், ‘பதினைந்து ரூபாய் பெறப்பட்டது’ என்று. பாட்டி தலையை ஆட்டிக் கீரையைக் கொடுக்கும். காசை எண்ணித்தான் வியாபாரம் என்று அறுபது வருஷம் நம்பிய ஒருத்தி, ஒரு பெட்டியின் குரலை நம்பிக் கீரையைக் கொடுக்கிறாளே... இதைவிடப் பெரிய மாற்றத்தை எந்த இளைஞன் செய்திருக்கிறான்? நீங்கள் ஒரு பட்டனைத் தட்டினீர்கள். அவள் தன் நம்பிக்கையையே மாற்றிக்கொண்டாள்! (கைதட்டல்)

என் மாமியாரை மறந்துவிடப் போகிறேன். இதோ உட்கார்ந்திருக்கிறார்கள், முதல் வரிசையில். வீட்டுக்குப் போனால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். (சிரிப்பு) 2020 ஏப்ரலில் அரிசிக் கார்டுக்கு ஆயிரம் ரூபாயும் சாமானும் கொடுத்தார்களே, அப்போது ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தார்கள். டோக்கன் கொடுத்து, தேதி போட்டு, நேரம் போட்டு வரச் சொன்னார்கள். கூட்டத்தில் முட்டி மோதி முன்னால் போகிறதில் எங்கள் அத்தைக்கு நிகர் கிடையாது. அவர்கள் அந்த வட்டத்துக்குள்ளே காலை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்கள், சிதம்பரத்தில் இன்னொரு நடராஜர் மாதிரி. ஒரு வித்தியாசம், அவர் காலைத் தூக்கியிருப்பார், இவங்க தூக்கல! (பெருஞ்சிரிப்பு)

வாங்கி வந்த ரூபாய் நோட்டை வெயிலில் காயப்போட்டு, துணிக்கு இஸ்திரி போடுகிற மாதிரி இஸ்திரி போட்டார்கள். எண்ணெய் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். பருப்பு பாக்கெட்டைக் கழுவினார்கள். நல்ல வேளை, சர்க்கரைப் பாக்கெட்டில் ஓட்டை இருந்தது கழுவுகிறதுக்கு முன்னாலேயே தெரிந்தது. (சிரிப்பு)

2021-ல் இரண்டாவது அலை. அது முதல் அலை மாதிரி இல்லை. தெரிந்த வீடுகளுக்கே துக்கம் வந்தது. மே 24-லிருந்து தளர்வில்லாத முழு ஊரடங்கு. காய்கறிக் கடை, மளிகைக் கடை எதுவும் கிடையாது. காயும் பழமும் வண்டியில் தெருவுக்கே வந்தது. எங்கள் தெருவுக்கு வந்த வண்டியில் கலந்து கட்டிய பை, பை நூறு ரூபாய். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அத்தை வாங்கிக்கொண்டு வந்து கூடத்தில் கொட்டினார்கள். நாலு கத்தரிக்காய் உருண்டு வந்தது. ஒன்றில் சொத்தை. நான் பயந்துகொண்டே அத்தை முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை. சொத்தையை மட்டும் அரிந்து எடுத்துவிட்டுச் சொன்னார்கள்: “நாலு தெரு தள்ளி, இதை வாங்கக்கூட ஆள் இல்லாத வீடு இருக்கு. இது போதும்மா.” ஐயா, கத்தரிக்காயின் காம்பைப் பார்த்தே ஜாதகம் சொல்கிறவர்கள், சொத்தையை அரிந்து எறிந்துவிட்டு ‘போதும்’ என்றார்களே... அன்றைக்குத் தெரிந்தது எனக்கு, மாற்றம் என்றால் என்ன என்று.

(நடுவர்: நேரம் ஆகிறதம்மா... ஆனால் முடித்துவிட்டுப் போ.)

நன்றி ஐயா. சொல்ல வந்ததையே இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

எல்லாம் திறந்தார்கள். பஸ் ஓடியது. பள்ளிக்கூடம் நடந்தது. இந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? துணிக் கடைக்கு, சினிமாவுக்கு, ஓட்டலுக்கு முன்பு மாதிரியே திரும்பிப் போனார்கள். நல்லது, போகட்டும். ஆனால் எங்க அம்மா திரும்பிப் போகவில்லை. போனில் மளிகை, போனில் காய், போனில் மருந்து. நான் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன். “எங்கம்மா 68 வயசுல எல்லாத்தையும் போன்லயே முடிச்சிடறாங்க. எனக்கு ஒரு கவலை இல்ல.”

2022-ல் கோடை விடுமுறை. கடலூரில் அம்மாவோடு இரண்டு நாள் இருந்தேன். காலையில் காய்ப் பை வந்தது. அம்மா வெண்டைக்காயை எடுத்தார். ஒடித்தார். வளைந்தது. இன்னொன்று. வளைந்தது. பாதிக்கு மேல் முற்றல். பேசாமல் எடுத்துக் குப்பையில் போட்டார். நான் கேட்டேன், “ஏம்மா, திருப்பிக் கொடுக்கிறதுதானே? சண்டை போடறதுதானே?” அம்மா என்னைப் பார்த்தார். “யாரோடடி சண்டை போட?”

(சபை அமைதி)

நான் திரும்பிப் பார்க்கிறேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்த மஞ்சப் பை தொங்குகிறது. எடுத்து உள்ளே கைவிட்டேன். கல்லு மாதிரி காய்ந்துபோன ஓர் எலுமிச்சம்பழம். 2020 மார்ச்சில் கடைசியாக மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தபோது பைக்குள்ளே தங்கினது. இரண்டு வருஷம்! இரண்டு வருஷமாக அந்தப் பை ஆணியை விட்டு இறங்கவில்லை. அம்மா வீட்டை விட்டு இறங்கவில்லை. எனக்குக் கவலை இல்லை என்று நான் ஊரெல்லாம் சொன்னேனே... அது எனக்குக் கவலை இல்லாத வாழ்க்கை. அம்மாவுக்குப் பேச ஆள் இல்லாத வாழ்க்கை!

ராத்திரி சாப்பிடும்போது அம்மா மெதுவாகக் கேட்டார்: “அந்தக் காய்கறிக்காரி இருக்காளா, என்னான்னு தெரியல.” முப்பது வருஷம் தினமும் பார்த்த முகம். பேர்கூடச் சரியாகத் தெரியாது, போன் நம்பர் கிடையாது. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வேண்டுமானால் நேரில் போக வேண்டும். நேரில் போகத்தான் அம்மாவுக்குப் பயம். கால் பயம் மட்டுமில்லை, போய் அங்கே அவர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்.

மறுநாள் காலையில் ஆறரை மணிக்கு நானே மஞ்சப் பையை எடுத்தேன். “வாம்மா.” ஆட்டோ பிடித்துப் போனோம். பான்பரி மார்க்கெட்டில் அந்த இடத்தில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து ஒரு வெண்டைக்காயை எடுத்து, ‘டக்’கென்று ஒடித்தார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “வெண்டைக்கா ஒடிக்கிற அம்மாவா நீங்க? எங்க அத்தை சொல்லியிருக்காங்க.”

அத்தை இல்லை. போன வருஷம் மே மாதத்தில் போய்விட்டார்.

அம்மா அங்கேயே பக்கத்தில் கிடந்த சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் டீ வாங்கிக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் பேசினார்கள். கிளம்பும்போது அவள் இரண்டு பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் எடுத்து அம்மா பையில் போட்டாள். கேட்காமலே போட்டாள். அம்மா அழுதார். கொசுறுக்கு அழுத மனுஷியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நடுவர் அவர்களே! இப்போது எங்கம்மா என்ன செய்கிறார் தெரியுமா? புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மார்க்கெட். மற்ற நாளுக்குப் போன். மளிகை மட்டும் அந்தத் தெருமுனைக் கடையில்தான். நான் சொன்னேன், “அம்மா, வேற இடத்துல இதைவிட இருபது ரூபா கம்மியா வருது.” அதற்கு அம்மா சொன்ன பதில்: “போன்ல சொன்னாலும் அவன்கிட்டதான் சொல்லுவேன். அந்த மாசமெல்லாம் அரிசி கொடுத்தானே, அப்ப நீ சொல்ற அந்த இருபது ரூபா எங்கே போயிருந்துது?” (பலத்த கைதட்டல்)

ஆகவே நான் வைக்கிற வாதம் இதுதான். இளைய தலைமுறைக்குக் கொரோனா ஒரு வேகத்தடை. கொஞ்சம் மெதுவாகப் போனார்கள், தாண்டினதும் பழையபடி வேகமெடுத்தார்கள். மூத்த தலைமுறைக்கு அது பாதையே மாறிய பயணம். கை மாறியது, கண் மாறியது, நம்பிக்கை மாறியது, தினமும் பார்த்த முகம் மாறியது. அதிகம் மாறியவர்கள் அவர்கள்தான். அதிகம் இழந்தவர்களும் அவர்கள்தான். ஆனால் வழியை மாற்றிக்கொண்டபோதும் நன்றியை மாற்றிக்கொள்ளாதவர்களும் அவர்கள்தான்!

வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, ஒரே ஒரு வேண்டுகோள். அம்மா அப்பாவுக்குப் போன் வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. பணம் அனுப்பச் சொல்லிக் கொடுங்கள், ரொம்ப நல்லது. ஆனால் அதோடு உங்கள் கடமை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் அந்தப் பையை ஆணியிலிருந்து நீங்களே எடுங்கள். கையைப் பிடித்து மார்க்கெட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அவர்கள் வெண்டைக்காய் வாங்கப் போகவில்லை. ‘ஏம்மா, ரெண்டு நாளா காணோமே’ என்று கேட்கிற ஒரு குரலை வாங்கப் போகிறார்கள். அதை எந்தப் பெட்டியும் இன்னும் பேசவில்லை.

மாறியவர்கள் மூத்த தலைமுறையே, மூத்த தலைமுறையே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா. இல்லாவிட்டால் முதல் வரிசையில் என் மாமியார் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்! (சிரிப்பு)

(நீண்ட கைதட்டல்)